பதில் போடாத பின்னூட்டங்கள்

என் நண்பன் குணசேகரனிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதற்காகச் செஞ்சிக்குப் போனேன். கிளம்பிய நாள் அமாவாசை என்பதைக் கவனிக்கவில்லை. மைசூரில் முப்பத்தெட்டு வருடம் குடியிருந்தவனுக்கு, அன்றைக்குச் செஞ்சி வழியாகப் போகிற பஸ்ஸில் பாதி மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற ஸ்பெஷல் என்பது மறந்துபோயிருந்தது.

செஞ்சி வந்ததும் எழுந்தேன். எழத்தான் முடிந்தது. எனக்கும் பஸ்ஸின் படிக்கும் நடுவில் நாற்பது பேரும் ஒரு மூட்டை எலுமிச்சம்பழமும் இருந்தன. "எறங்கணும், கொஞ்சம் வழி விடுங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே பஸ் கிளம்பிவிட்டது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஜன்னலில் தெரிந்து பின்னால் போனது.

"ஏன் பெரியவரே தவிக்கிற?" என்று கேட்டார் மூட்டைக்குச் சொந்தக்காரரான பெண்மணி.

"செஞ்சியில எறங்கணும்மா. விட்டுட்டேன்."

"செஞ்சி எங்க ஓடிடப் போவுது? ஆத்தா கூப்ட்டுட்டா, பார்த்துட்டுப் போ."

கண்டக்டர் அவ்வளவு இரக்கம் காட்டவில்லை. "இன்னா சார், படிச்சவரா இருக்கீங்க, போர்டு பாக்க மாட்டீங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. மைசூர் பஸ்ஸில் இடித்தவர் 'சாரி' சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இங்கே இடித்தவர் ஊர், வேலை, எத்தனை பிள்ளை, சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் கையை என் தோளிலிருந்து எடுத்தார்.

மேல்மலையனூரில் தலைகள்தாம் தெரிந்தன. எலுமிச்சம்பழப் பெண்மணி என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, தூக்கிலிருந்து புளிசாதத்தை இலையில் வைத்துக் கொடுத்தார். வறுத்த வேர்க்கடலை நிறையப் போட்டிருந்தார். எதிரே கோயில் பக்கம் பார்த்தவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு நக்கலான வரி என் மனசில் தானாக ஓடியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அவர்களுக்குப் புத்தி சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை.

நான் பதினைந்து வருடம் வலைப்பூ எழுதியவன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டேன். அது ஒரு பொற்காலம்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு இளகிவிடுகிறது. தமிழில் தட்டச்சுச் செய்தால் திரையில் எழுத்து வருகிறது என்பதே அப்போது அதிசயம். ஒரு பதிவைப் போட்டுவிட்டு, தோசைக்கல்லைச் சுற்றி வரும் பிள்ளை மாதிரி, முதல் பின்னூட்டத்துக்காகக் கணினியையே சுற்றி வருவேன். படித்தவர்கள் பதிவுக்குக் கீழே எழுதும் கருத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் பின்னூட்டம். துபாயிலிருந்து ஒருவர், நார்வேயிலிருந்து ஒருவர், பரமக்குடியிலிருந்து ஒருவர். முகம் தெரியாதவர்களுக்காக விடிகாலையில் எழுந்தேன். முகம் தெரிந்த மனைவி கமலா காபியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். அது ஆறிப்போகும்.

கடைசியில் கமலாதான் ஒரு சட்டம் போட்டாள். மாதத்தில் ஒரு வாரம் கணினியும் கிடையாது, போனும் கிடையாது. இரண்டையும் பீரோவில் பூட்டிச் சாவியை அவள் வைத்துக்கொள்வாள். நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் பதிவர் புத்தி வேறு. அந்த வாரத்துக்கான பதிவுகளை முன்கூட்டியே எழுதி, இன்ன நாள் இன்ன மணிக்கு வெளியாக வேண்டும் என்று நேரம் குறித்து வைத்துவிடுவேன். நான் மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். என் பதிவு தானாக வெளியாகும். திரைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் சரியான அளவைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமையாக ஒரு பதிவுகூட எழுதினேன்.

குணசேகரன் எனக்குச் சென்னைக் கல்லூரி விடுதியில் அறைத்தோழன். படிப்பை முடித்துவிட்டுச் செஞ்சி கடைவீதியில் அவர்கள் குடும்பத்துப் பாத்திரக்கடையில் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி சுலோச்சனா. இரண்டு வருடத்துக்கு முந்தைய தை மாதம் நானும் கமலாவும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். நால்வரும் ராஜகிரி ஏறினோம். பாதிகூட ஏறவில்லை, சுலோச்சனா மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்கண்ணா, நான் இங்கயே காவல் இருக்கறேன்" என்று சிரித்தார். நான் அதைப் படம் பிடித்தேன்.

சில மாதம் கழித்து அதை ஒரு வேடிக்கைப் பதிவாக எழுதினேன். பெரும்படைகள் முற்றுகையிட்டும் பல வருடம் தாக்குப்பிடித்த கோட்டையின் முன்னால் செஞ்சி வீராங்கனை பத்தே நிமிடத்தில் சரணடைந்தார் என்று. படமும் போட்டு, பீரோ வாரத்தின் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் குறித்துவைத்தேன்.

திங்கட்கிழமை மாலை சுலோச்சனா மாரடைப்பில் இறந்துபோனார். அவர்கள் என்னை அழைத்தபோது என் போன் பீரோவுக்குள் அணைந்து கிடந்தது. கமலாவின் எண் சுலோச்சனாவின் போனில்தான் இருந்தது. சாவு வீட்டில் அதை யார் தேடுவார்கள்? மறுநாள் காலை, உடலை எடுக்கும் முன்பே, என் பதிவு வெளியானது. சொந்தக்காரர் யாரோ பார்த்து இன்னொருவருக்கு அனுப்ப, பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களின் கைகளில் எல்லாம் அது போயிற்று. மூச்சு வாங்குகிற படமும் அதற்குக் கீழே என் நக்கலும்.

இது வரைக்கும் நடந்ததை விபத்து என்று சொல்லலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பீரோ திறந்தது. செய்தியைப் பார்த்தேன். பழைய பதிவை அவசரமாக எடுத்தேன். பிறகு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சுலோச்சனாவுக்கு அஞ்சலிப் பதிவு எழுதினேன். நல்ல படமாகத் தேடினேன். வெளியிட்டேன். வந்த பின்னூட்டங்களில் முதல் நான்குக்கு நன்றி சொன்னேன். அதற்கப்புறம்தான் குணசேகரனை அழைத்தேன்.

அவன் "படிச்சிட்டேன்" என்றான். போனை வைத்துவிட்டான்.

அப்புறம் நாங்கள் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து, எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொள்வதாக நினைத்து, பதினைந்து வருட வலைப்பூவை மொத்தமாக அழித்தேன். போனையும் எண்ணையும் மாற்றினேன். பட்டன் போன் வாங்கிக்கொண்டேன். இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அன்று மேல்மலையனூரில் புளிசாதம் சாப்பிட்டேன். சாயங்காலம் செஞ்சி திரும்பும் பஸ்ஸில் கூட்டமே இல்லை.

இரண்டாம் நாள் காலை கடைவீதிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு ஓரம் சீதாப்பழக் கூடைகள் வந்திருந்தன. சின்னப் பழம், மலைப் பழம். மைசூரில் பளபளவென்று பெரிதாக விற்பதில் இந்த வாசனை கிடையாது. இரண்டு தின்றேன். தைரியத்துக்குத்தான்.

கடையில் குணசேகரன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க சார். இன்னா பாக்கறீங்க?"

ஐம்பது வருடத்தில் அவன் என்னை ஒருநாளும் 'சார்' என்றதில்லை.

"குணா, நான் ரங்கன்."

"தெரியுது. உக்காருங்க. வியாபார நேரம்."

உட்கார்ந்தேன். ஒரு கல்யாண வீட்டார் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் எல்லாப் பாத்திரத்திலும் தன் பெயரும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"ஏண்ணா, கரண்டியில கூடவா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"கரண்டிதாம்மா தினமும் கையில எடுப்பாங்க. அண்டா பரண்மேல இல்ல கெடக்கும்?"

குணசேகரன் சிரிக்காமல் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்களை எழுதி அவர்களிடம் நீட்டினான். "நல்லா படிச்சிப் பாத்து சரின்னு சொல்லுங்க. வெட்டிட்டா அழிக்க முடியாது." அவர்கள் மூன்று முறை படித்துச் சரி என்று தலையாட்டிய பிறகுதான் இயந்திரத்தை எடுத்தான். அவன் அப்பா காலத்திலிருந்து கடையில் அதுதான் வழக்கம். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.

ஒரு மணிக்குக் கல்லாவைப் பூட்டினான். "சாப்டியா?" என்றான். 'சாப்டீங்களா' என்று கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் மெஸ்ஸுக்குப் போனேன்.

வாழையிலை, முருங்கைக்கீரை, காரமான புளிக்குழம்பு. நானே ஆரம்பித்தேன். போன் செய்வதற்கு முன்னால் எழுதியது என் தப்பு என்றேன். அதற்குக் காரணம் சொல்ல எதுவும் இல்லை என்றும் சொன்னேன்.

"ஆமா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியா எங்கிட்ட வந்த," என்றான். "அந்தக் கோட்டைப் படத்துக்குப் பிள்ளைங்கதான் கோவப்பட்டாங்க. எனக்கு அது இல்ல. அவ இருந்திருந்தா சிரிச்சிருப்பா. நீ மொதல்ல எனக்குப் போன் பண்ணாதது ஒரு மாசம் வலிச்சுது. அப்பறம் விட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டா…"

"இருடா. சொல்லி முடிக்கறேன்." மோரை ஊற்றிக்கொண்டான். "தெனம் காலையில கடை தொறந்ததும் போன்ல உன் வலைப்பூவ எடுத்து வெச்சுக்குவேன். நீ எழுதுனத இல்ல. கீழ அவ எழுதி இருப்பா பாரு, அத. ஒரு நாளைக்கு ரெண்டு. ஜாஸ்தி படிச்சா தீந்துடும்னு. ஒருநாள் தொறக்கறேன், அப்படி ஒண்ணே இல்லைனு வருது. உனக்கு போன் போட்டா நம்பர் உபயோகத்துல இல்லைன்றான்."

கையை இலையிலிருந்து எடுத்தேன்.

"எனக்கு நானே தண்டனைன்னு நெனச்சு அழிச்சேன், குணா."

"உனக்குத் தண்டனைனா உன்னோடத எடுக்கறது. அவ எழுதுனத யாரக் கேட்டுடா எடுத்த?"

பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்த்தார். குணசேகரன் இலையை மடித்தான். நான் செய்த இரண்டு தப்புகளில் ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்க அவ்வளவு தூரம் வந்திருந்தேன். பெரிய தப்பு எதுவென்று அப்போதுதான் தெரிந்தது.

சுலோச்சனா தமிழ்த் தட்டச்சுக் கற்றுக்கொண்டதே என் வலைப்பூவில் எழுதுவதற்காகத்தான். 'சுலோ, செஞ்சி' என்ற பெயரில் வருவார். நல்லா இருக்குது அண்ணா என்பதில் ஆரம்பித்து, போகப்போக என்னைவிட நன்றாக எழுதினார். இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை, செஞ்சியில் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. பின்னூட்டம் ஒவ்வொன்றும் வெளியாவதற்கு முன் என் ஒப்புதலுக்காக மின்னஞ்சலில் வரும். வலைப்பூ போனாலும் அஞ்சல்பெட்டி இருக்கலாமே. வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். என் வயதில் ஓட்டம் என்றால் வேகமான நடை.

தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு கணினி மையம். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு விண்ணப்பங்களுக்கு நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். எம்.எஸ்சி. படித்தவர் என்று சுவரில் மாட்டியிருந்த பட்டம் சொன்னது. விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி நாளா தொறக்கல சார்?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுதும்மா. ஒண்ணு ரெண்டு மாசம் குறையும்."

அவர் முகம் மாறியது. "ரெண்டு வருசம் தொறக்காம கெடந்தா அவங்களே அழிச்சிடுவாங்க சார். இருக்குதான்னு பாப்போம். டென்சன் ஆவாதீங்க."

கணக்கு இருந்தது. கடவுச்சொல்லும் நினைவிருந்தது. ஆனால் நான்தானா என்று சந்தேகப்பட்டு, கமலாவின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்பியது. பட்டன் போனில் அவளை அழைத்தேன்.

"செஞ்சிக்குப் போயும் கம்ப்யூட்டர் முன்னாடிதானா?"

"திட்டறத அப்புறம் வெச்சுக்கோ. உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படி."

"கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல. இருங்க."

அவள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணில் ஏழா ஒன்றா என்று சந்தேகம். பட்டாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுவிட்டார்கள். "பெரியம்மா, நிதானமா படிங்க" என்று ஒருவர் என் போனை நோக்கிக் குரல் கொடுத்தார். மூன்றாவது எண்ணில் கதவு திறந்தது.

'சுலோ' என்று தேடினேன். இருநூற்றுச் சொச்சம் வந்தன.

அத்தனையையும் அந்தப் பெண் அச்செடுத்தார். எடுக்கும்போதே ஒன்றிரண்டைப் படித்துவிட்டு, "யாரு சார் இந்த அம்மா? ஜாலியா எழுதறாங்க" என்றார். "எழுதறாங்க" என்று அவர் சொன்னதை நான் திருத்தவில்லை.

காகிதக் கட்டைக் குணசேகரனின் மேஜைமேல் வைத்தேன். முதல் தாளைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டான். வாய்விட்டுப் படித்தான்.

"'அண்ணா, மண்டகப்பட்டு குகைக்கோயில் எங்க ஊர்ல இருந்து பஸ்ஸுல அரை மணி. இத்தனை வருசமா நான் போனதே இல்லை. நீங்க மைசூர்ல இருந்து வந்து பார்த்துட்டீங்க. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டா, கல்லுதானே, நம்ம ஊர்ல இல்லாத கல்லான்றார்.'" நிறுத்தினான். "சொன்னேன். இதே வார்த்த சொன்னேன்."

அடுத்தது. "'மைசூர்ல சாம்பார்ல வெல்லம் போடுவாங்களா? கமலா அண்ணி பாவம்.'" அடுத்தது. "'இந்தப் பதிவு எனக்குப் புரியலை. ஆனா நல்லா இருக்குது.'"

என்னைப் பார்த்தான். "இதுக்கெல்லாம் இன்னா பதில் போட்ட?"

நார்வேக்காரருக்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுதியவன் நான். சுலோச்சனாவுக்குப் போட்டதில்லை. நம் வீட்டு மனுஷிதானே என்று விட்டுவிடுவேன். அதை அப்படியே சொன்னேன்.

"சரி, இப்ப சொல்லு," என்றான்.

பாத்திரக்கடையில் உட்கார்ந்து, அவர் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். வெல்லம் போடுவார்கள் என்றேன். அந்தப் பதிவு எனக்கே சரியாகப் புரியவில்லை என்றேன். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தான். ஒரு தாளில் இரண்டே வரி. "'நாலு நாளா ஒண்ணும் எழுதலியே அண்ணா. உடம்பு சரியில்லையா? அண்ணி நல்லா இருக்காங்களா?'"

அதற்கு நான் பதில் சொல்லும்வரை அவன் காத்திருக்கவில்லை. அந்தத் தாளைத் தனியாக எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"இதப் பத்தி எழுதுவியா?" என்று கேட்டான்.

"நீ வேணாம்னா எழுத மாட்டேன்."

"எழுதறதுன்னா மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டு. அப்பறம் ஊருக்குக் கொடு."

இதை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். போனில், ஒரே மூச்சில். இரண்டு இடத்தில் தன் பேச்சைத் திருத்தச் சொன்னான், திருத்தியிருக்கிறேன்.

அன்று கடையில் பதினொரு மணி இருக்கும், இன்னொரு தாள் வந்தது. அதை அவன் முதலில் மனசுக்குள் படித்தான். பிறகு என் பக்கம் திருப்பி வைத்தான். 'எல்லாரைப் பத்தியும் எழுதறீங்க. ஹாஸ்டல்ல இவர் எப்படி இருந்தார்னு ஒருநாள் எழுதுங்கண்ணா. நான் கேட்டா, அதெல்லாம் ஒண்ணும் இல்லன்றார்.'

"எழுதறேன் குணா. கண்டிப்பா எழுதறேன்."

"எழுதறது கெடக்கட்டும்," என்றான். "வாயத் தொறந்து சொல்லு. அவ கேட்டா இல்ல?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வருடம் எனக்கு அம்மை போட்டிருந்தது, அறையிலிருந்த மற்ற இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவன் மட்டும் அங்கேயே படுத்தான். மெஸ்ஸிலிருந்து தினமும் கஞ்சியைத் துண்டால் மூடி எடுத்துவருவான், மழையில் மைதானத்தைத் தாண்டி வருவதற்குள் பாதி சிந்திவிடும், மறுபடி போவான். பன்னிரண்டு நாள். ஒரு நாளும் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. கஞ்சியை வைத்துவிட்டு, எனக்குக் கேட்கும்படி அன்றைய பாடத்தைச் சத்தமாகப் படிப்பான்.

"இத அவகிட்ட சொன்னதில்லையாடா?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் ஒரு சமாச்சாரமான்னு விட்டுட்டேன்." காகிதங்களின்மேல் கையை வைத்துக்கொண்டு, எங்களுக்கு நடுவில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கேட்பதற்கு இடம் விடுவதுபோல, ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினான்.

"அப்பறம்?" என்றான்.